கூரை சும்மா வரவில்லை

டாலஸ் பக்கம் வீடு வைத்திருக்கும் நம் ஆட்கள் ரெண்டு பேர் சந்தித்தால் முன்பெல்லாம் விசா, பள்ளிக்கூட ரேட்டிங், இந்தியா டிக்கெட் விலை என்றுதான் பேச்சு போகும். இப்போது முதல் கேள்வியே "உங்களுக்கு ரெனிவல் எவ்வளவு வந்திருக்கு?"

வீட்டு இன்ஷூரன்ஸ் ரெனிவலைத்தான் சொல்கிறேன். எனக்கு இந்த வருடப் பிரீமியம் 5,600 டாலர். போன வருடம் 3,900. வீட்டில் ஒரு மாற்றமும் இல்லை. இந்தக் கம்பெனியில் கிளெய்ம் எதுவும் போட்டதில்லை. கார் இன்ஷூரன்ஸும் அவர்களிடம்தான். ஊரில் இருக்கும் அப்பாவிடம் போனில் சொன்னேன். மனதுக்குள் ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டு, "கிட்டத்தட்ட அஞ்சு லட்சமா? வருஷா வருஷமா? அந்தக் காசுக்கு மேல ஒரு ரூம் எடுத்துடலாமேப்பா" என்றார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அவர் வீடு செங்கல் சுவர், கான்கிரீட் தளம். ஆலங்கட்டி விழுந்தால் பெருக்கித் தள்ளிவிட்டுப் போவார்கள். இங்கே மரச்சட்டத்தின் மேல் பலகை அடித்து, அதற்கு மேல் தார் பூசிய ஷிங்கிளை ஆணி வைத்து ஒட்டியதுதான் கூரை. வடக்கு டெக்சாஸில் மார்ச் முதல் ஜூன் வரை வானத்திலிருந்து கோல்ஃப் பந்து அளவில் ஐஸ் விழும். இந்த இரண்டையும் ஒரே இடத்தில் வைத்தது யார் யோசனையோ தெரியவில்லை.

இதில் நிறைய பேருக்குப் புரியாத ஒன்று மார்ட்கேஜ், அதாவது வீட்டுக் கடன். 2021-இல் 3 சதவீதத்துக்குக் கீழே வட்டி கிடைத்தவர்கள் "30 வருஷத்துக்குத் தவணை மாறாது" என்று நிம்மதியாக இருந்தார்கள். மாறாதது அசலும் வட்டியும் மட்டும்தான். சொத்து வரியும் வீட்டு இன்ஷூரன்ஸும் எஸ்க்ரோ கணக்கு (இந்த இரண்டுக்கும் பேங்க் மாதாமாதம் நம்மிடம் பிடித்து வைக்கும் கணக்கு) வழியாக அதே தவணையில்தான் போகின்றன. பிரீமியம் 1,700 டாலர் ஏறினால், போன வருடம் விழுந்த துண்டை அடைக்க ஒரு தொகை, வரும் வருடத்துக்கு ஏறிய தொகை என்று இரண்டும் சேர்ந்து மாதத் தவணையில் உட்கார்ந்துகொள்ளும். வரிக்காவது சட்டசபை ஏதோ செய்தது. 2023-இல் ஹோம்ஸ்டெட் விலக்கு, அதாவது குடியிருக்கும் வீட்டின் மதிப்பில் பள்ளி வரி போடாமல் விடும் தொகை, 40,000 டாலரிலிருந்து 1,00,000 டாலராக உயர்ந்தது. இன்ஷூரன்ஸுக்கு அப்படி எதுவும் வரவில்லை. டெக்சாஸில் கம்பெனி புதிய கட்டணத்தை மாநில இன்ஷூரன்ஸ் துறையிடம் தாக்கல் செய்துவிட்டு உடனே அமல்படுத்தலாம். முன் அனுமதி வாங்க வேண்டியதில்லை.

அரசு கட்டுப்படுத்தினால் சரியாகிவிடும் என்பவர்களுக்குக் கலிபோர்னியாவைக் காட்டுவேன். 1988-இல் மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த புரொபொசிஷன் 103-இன்படி அங்கே கட்டணத்தை ஏற்ற முன் அனுமதி வேண்டும். 2023 மே மாதம் ஸ்டேட் ஃபார்ம் என்ற பெரிய இன்ஷூரன்ஸ் கம்பெனி அங்கே புதிய வீட்டு இன்ஷூரன்ஸ் விண்ணப்பங்களை வாங்குவதையே நிறுத்தியது. இங்கே விலை ஏறுகிறது, அங்கே ஆளே கிடைப்பதில்லை. எது மேல் என்று எனக்கு இன்னும் தீர்மானமாகச் சொல்லத் தெரியவில்லை.

காரணங்களைக் கம்பெனிகள் சொல்வது பொய்யில்லை. கோவிடுக்குப் பிறகு மரம், ஷிங்கிள், கூலி எல்லாம் ஏறியது. இன்ஷூரன்ஸ் கம்பெனிகளே தங்களுக்கு எடுத்துக்கொள்ளும் மறுகாப்பீட்டின் விலை 2023-இல் எகிறியது. 2021 பிப்ரவரியில் வந்த யூரி பனிப்புயலில் மாநிலம் முழுக்கக் குழாய்கள் வெடித்தன. ஒவ்வொரு வசந்தத்திலும் ஆலங்கட்டி. ஆனால் இந்தப் பட்டியலில் இன்னொன்றும் இருக்கிறது. அதைச் சொன்னால் நம் குரூப்பில் யாருக்கும் பிடிக்காது. சொல்லிவிடுகிறேன்.

ஆலங்கட்டி விழுந்த மறுநாள் தெருவில் ஏணி வைத்த பிக்கப் வண்டிகள் வரிசையாக வந்துவிடும். கதவைத் தட்டி, "உங்க ரூஃப்ல அடி இருக்கு, இன்ஷூரன்ஸ் முழுசா குடுத்துடும், டிடக்டிபிளை நாங்க பாத்துக்கறோம்" என்பார்கள். டிடக்டிபிள் என்றால் கிளெய்மில் நம் கையிலிருந்து போட வேண்டிய பங்கு. அன்று சாயங்காலமே குரூப்பில் அவர்களுடைய நம்பர் சுற்றும். "சும்மாவே புது ரூஃப் வருது, விடாதீங்க" என்று ஒருவர் எழுதுவார். பதினைந்து வருடம் வெயிலில் காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்த கூரைகூட அந்த ஒரு நாள் மழையில் சேதமானதாகக் கணக்கில் ஏறும். டிடக்டிபிளைக் கான்ட்ராக்டர் தள்ளுபடி செய்வது டெக்சாஸில் குற்றம். அதற்கான சட்டம் 2019 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. நீங்கள் டிடக்டிபிள் கட்டியதற்கு ஆதாரம் காட்டச் சொல்லிக் கேட்கும் உரிமையும் கம்பெனிக்கு உண்டு. அப்படியும் இந்தப் பேச்சு நிற்கவில்லை.

"இத்தனை வருஷம் கட்டியிருக்கோம், வாங்காம விடணுமா?" என்பார்கள். நிஜமாக அடிபட்டிருந்தால் கண்டிப்பாக வாங்குங்கள், அதற்குத்தான் அது இருக்கிறது. ஆனால் இன்ஷூரன்ஸ் சிட் ஃபண்டு இல்லை, நம் முறை வந்ததும் எடுத்துக்கொள்ள. தெருவில் இருபது கூரை "சும்மா" மாறினால் அந்தப் பணம் அந்த ஜிப் கோடிலிருந்துதான் திரும்ப வசூலாகும். இதே ஆட்கள்தான் அடுத்த ரெனிவலில் கம்பெனியைத் திட்டுகிறார்கள். எனக்கு இதில் கம்பெனிகள் மேல் இரக்கம் ஒன்றும் இல்லை. அவர்கள் தங்களைப் பார்த்துக்கொண்டார்கள். எப்படி என்பதுதான் வேறு கம்பெனிக்கு மாறலாமா வேண்டாமா என்ற கேள்விக்கே அடிப்படை, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஆன்லைனில் போட்டுப் பார்த்ததில் ஒரு கம்பெனி 3,800 டாலருக்குக் கொடுத்தது. 1,800 டாலர் மிச்சம்! பெரும்பாலானோர் இந்த இடத்திலேயே கார்டை எடுத்துவிடுவார்கள். நான் கொட்டேஷனின் உள்பக்கங்களைப் படித்தேன். டெக்சாஸில் காற்று, ஆலங்கட்டி ஆகியவற்றுக்கு டிடக்டிபிள் தனி. அது பெரும்பாலும் டாலரில் இருக்காது, சதவீதத்தில் இருக்கும். எதன் சதவீதம்? சேதத்தின் சதவீதம் இல்லை. வீட்டைத் திரும்பக் கட்ட எவ்வளவு என்று பாலிசியில் போட்டிருக்கிறார்களோ, அந்தத் தொகையின் சதவீதம். என் வீட்டுக்கு அது 5,00,000 டாலர். பழைய கம்பெனியில் 1 சதவீதம், அதாவது கூரை போனால் என் கையிலிருந்து 5,000. புதியதில் 2 சதவீதம், 10,000.

அது மட்டும் என்றால் பரவாயில்லை. பழைய பாலிசியில் கூரைக்கு ரீப்ளேஸ்மென்ட் காஸ்ட், புதிதாக மாற்ற ஆகும் செலவைக் கொடுப்பார்கள். புதியதில் ஆக்சுவல் கேஷ் வேல்யூ, அதாவது தேய்மானம் கழித்துத்தான் கொடுப்பார்கள். என் கூரைக்கு 12 வயது. 20 வருடம்தான் அதன் ஆயுள் என்று வைத்தால் 60 சதவீதம் தேய்மானம். கூரை மாற்ற 24,000 டாலர் ஆகிறது என்று வைப்போம். தேய்மானம் போக மிஞ்சுவது 9,600. அதிலிருந்து டிடக்டிபிள் 10,000-ஐக் கழியுங்கள்.

ஒரு டாலர்கூட வராது. 24,000-மும் நான்தான் கட்ட வேண்டும். பழைய பாலிசியில் 5,000 கட்டினால் போதும், 19,000 கம்பெனி தரும். அந்த 1,800 டாலர் மிச்சம் என்பது உண்மையில் ஆலங்கட்டிக்கு இன்ஷூரன்ஸே இல்லை என்று எழுதிக் கொடுப்பதற்கு விலை. தெரிந்து செய்தால் தப்பில்லை, கையில் 24,000 தனியாக வைத்திருப்பவர் தாராளமாகச் செய்யலாம். தெரியாமல் செய்பவர்கள்தான் அதிகம். சில இடங்களில் பழைய கம்பெனியே ரெனிவலில் இந்த மாற்றத்தைச் செய்துவிடுகிறது. கட்டோடு வரும் ஒரு தாளில் அது இருக்கும். நாம் முதல் பக்கத்தில் தொகையைப் பார்த்துக் கோபப்பட்டுவிட்டு மீதியை டிராயரில் போட்டுவிடுகிறோம். காஸ்மெட்டிக் டேமேஜ் எக்ஸ்க்ளூஷன் என்ற வரியையும் தேடுங்கள். அது இருந்தால், சொட்டை விழுந்திருக்கிறது ஆனால் ஒழுகவில்லை என்கிற சேதத்துக்குப் பணம் கிடையாது. ஆலங்கட்டியைத் தாங்கும் கிளாஸ் 4 ஷிங்கிளுக்குத் தள்ளுபடி தரும் கம்பெனிகளில் சில, இந்த வரியில் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் தருகின்றன.

பிரீமியத்தைக் குறைக்க வீட்டின் தொகையையே குறைக்கச் சொல்பவர்களும் உண்டு. "மார்க்கெட்ல விலை இறங்கிடுச்சே, 4 லட்சம் போடுங்க" என்று ஏஜென்ட்டிடம் வாதாடுவார்கள். இன்ஷூரன்ஸுக்கு மார்க்கெட் விலை சம்பந்தமே இல்லை. நிலம் எரிந்து போகாது. வீடு எரிந்தால் திரும்பக் கட்ட எவ்வளவு என்பதுதான் கணக்கு. அதைக் குறைத்துப் போட்டுவிட்டால் தீ விபத்தில் மாட்டிக்கொள்வீர்கள், அதற்குத்தான் முதலில் இந்த பாலிசியே. வெள்ளம் இதில் சேராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2017-இல் ஹார்வி புயலில் ஹூஸ்டனில் தண்ணீர் புகுந்த வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு வெள்ள இன்ஷூரன்ஸ் இல்லை. மத்திய அரசின் வெள்ளத் திட்டத்தில் சேர்ந்தாலும் வழக்கமாக 30 நாள் காத்திருக்க வேண்டும், புயல் செய்தி பார்த்துவிட்டு வாங்க முடியாது.

நகை விஷயமும் இருக்கிறது. நம்மில் பலருக்கு இது தெரியாது. சாதாரண பாலிசியில் நகை திருட்டுக்கு உச்சவரம்பு பெரும்பாலும் 1,500 டாலர் அளவில்தான் இருக்கும். இன்றைய தங்க விலைக்கு அது ஒரு மெல்லிய செயினுக்குக் காணாது. தாலிக்கொடி, ஆரம், பிள்ளை காதுகுத்துக்கு வந்தது எல்லாம் வீட்டில் வைத்திருப்பவர்கள் அதைத் தனியாகப் பட்டியல் போட்டுச் சேர்க்க வேண்டும், இல்லை பேங்க் லாக்கரில் வைக்க வேண்டும். கம்பெனி மாறும்போது பழைய பாலிசியில் இருந்த அந்தப் பட்டியல் தானாகக் கூட வராது.

சரி, நான் என்ன செய்தேன்? பல கம்பெனிகளுக்கு எழுதும் தனி ஏஜென்ட் ஒருவரிடம் போனேன். ஒரே கம்பெனிக்கு மட்டும் வேலை செய்யும் ஏஜென்ட்டால் வேறெதையும் காட்ட முடியாது. கூரைக்கு ரீப்ளேஸ்மென்ட் காஸ்ட் இருக்க வேண்டும், ஆலங்கட்டிக்கு 2 சதவீதம் வரை ஏற்கிறேன் என்று இரண்டே நிபந்தனை சொன்னேன். அவர் 4,600 டாலருக்கு ஒன்று கொண்டுவந்தார். அதே நிபந்தனையைப் பழைய கம்பெனியிடமும் வைத்தேன். 1 சதவீதத்தை 2 ஆக்கினால் எவ்வளவு? 4,850 என்றார்கள். நானாகக் கேட்கும் வரை யாரும் சொல்லவில்லை. வீட்டு பாலிசி வெளியே போனால், இரண்டும் ஒரே இடத்தில் இருப்பதற்காகக் கார் இன்ஷூரன்ஸில் தரும் சேர்க்கைத் தள்ளுபடி போகும், அது வருடத்துக்கு 220. ஆக மொத்த வித்தியாசம் 30 டாலர். முதலில் 1,800 என்று தெரிந்த மிச்சம், சமமாக வைத்துப் பார்த்ததும் 30 டாலராகச் சுருங்கிவிட்டது.

மாறவில்லை. 30 டாலருக்காகப் புதிய கம்பெனியின் இன்ஸ்பெக்‌ஷனை அழைக்க எனக்கு மனமில்லை. புதிய பாலிசி எழுதிய முதல் 60 நாளுக்குள் அவர்கள் ஆள் அனுப்பியோ மேலிருந்து படம் எடுத்தோ பார்த்து, கூரை பிடிக்கவில்லை என்று ரத்து செய்ய இங்கே வழி இருக்கிறது. 12 வயதுக் கூரையோடு அந்த சோதனைக்குப் போய் நிற்க வேண்டாம் என்று நினைத்தேன். 2 சதவீதத்துக்குப் போனதால் வருடம் 750 மிச்சம், கூரை போனால் 5,000 கூடுதல் செலவு. ஏழு வருடத்துக்குள் பெரிய ஆலங்கட்டி வந்தால் எனக்கு நஷ்டம்தான். அந்த 750-ஐ வேறெதிலும் கலக்காமல் தனிக் கணக்கில் போடுகிறேன். மனைவிக்கு இதில் உடன்பாடில்லை, 1 சதவீதத்திலேயே இருந்திருக்கலாம் என்பது அவள் கட்சி. இந்த ஏப்ரலில் அவள் ஜெயித்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

எல்லோருக்கும் இதே முடிவு வராது. டாலஸ் பக்கத்து ஃபிரிஸ்கோவில் ஒரு நண்பருக்கு மூன்று வயதுக் கூரை. அதே நிபந்தனைகளோடு அவருக்கு 1,400 டாலர் நிஜமாகவே மிச்சமானது, உடனே மாறினார், சரியான முடிவு. பல வருடம் ஒரே கம்பெனியில் இருக்கிறோம் என்ற விசுவாசத்துக்கு இங்கே ஒரு மதிப்பும் கிடையாது. மாற நினைப்பவர்கள் முதலில் தங்கள் க்ளூ ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். லெக்ஸிஸ்நெக்ஸிஸ் என்ற தகவல் நிறுவனம் வைத்திருப்பது, வருடத்துக்கு ஒரு முறை இலவசம். உங்கள் மேல் ஏழு வருடக் கிளெய்ம் கணக்கு அதில் இருக்கும். புதிய கம்பெனி உங்களைப் பார்ப்பதற்கு முன் அதைத்தான் பார்க்கும். கிரெடிட்டையும் பார்க்கும், டெக்சாஸில் அதற்கு அனுமதி உண்டு. மாநிலத் துறையின் ஹெல்ப்இன்ஷூர் தளத்தில் எந்தக் கம்பெனி மேல் எவ்வளவு புகார் என்பதும் கிடைக்கும், விலையை மட்டும் பார்க்காமல் அதையும் பாருங்கள்.

புதிய பாலிசி தொடங்கும் தேதி உறுதியாகாமல் பழையதை ரத்து செய்யாதீர்கள். நடுவில் இடைவெளி விழுந்தால் பேங்க் தானே ஒரு பாலிசி வாங்கி உங்கள் தலையில் கட்டும். அது விலையும் அதிகம், பாதுகாப்பதும் பேங்கின் கடனை மட்டும்தான். பழைய கம்பெனி திருப்பித் தரும் செக் உங்கள் பெயருக்கு வரும். அதை எஸ்க்ரோவில் போட்டுவிடுங்கள். வந்த பணம் என்று டிவி வாங்கினால் அடுத்த வருடம் எஸ்க்ரோவில் துண்டு விழும்.

அந்த ஏஜென்ட் பேரைக் கேட்டு இன்பாக்ஸ் வர வேண்டாம். அவரிடம் நானே வாங்கவில்லை.