கோமாளி மீன் குஞ்சுகளுக்குப் பொடி உணவு போதுமா?

கடல்நீர்த் தொட்டியில் பொரிந்த கோமாளி மீன் குஞ்சுகளுக்கு முதல் நாளிலிருந்தே மீன் உணவைப் பொடித்துத் தூவினால் போதும் என்று ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு. தயவுசெய்து நம்பாதீர்கள்.

இந்தக் குஞ்சுகள் கண்ணால் பார்த்து, அசையும் இரையைத்தான் கொத்தும். அசையாத பொடியைப் பெரும்பாலும் சீண்டாது. மிஞ்சிய பொடி அடியில் அழுகி அம்மோனியாவை ஏற்றிவிடும். பட்டினியோடு நஞ்சும் சேர்ந்தால் அந்தச் சின்ன உயிர் எப்படித் தாங்கும்?

முதல் வாரம் ரோட்டிஃபர் என்ற, நீரில் வாழும் நுண்ணுயிர்தான் உயிரோடு வேண்டும். 0.1 முதல் 0.3 மில்லிமீட்டர் அளவே இருப்பதால் அது குஞ்சின் வாய்க்குள் நுழையும். அதற்கும் முதலில் நுண்பாசி ஊட்டுங்கள். பட்டினி கிடந்த ரோட்டிஃபரில் சத்து குறைவு. அப்புறம் புதிதாகப் பொரிந்த ஆர்டீமியா, அதாவது இறால் போன்ற சின்ன உப்புநீர் உயிரியின் குஞ்சு. உடலில் வெள்ளைப் பட்டை தெரிந்த பிறகு பொடி உணவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கலாம்.