ஹனுக்கா 'யூதர்களின் கிறிஸ்துமஸ்' அல்ல

உங்கள் கட்டுரையில், யூதர்கள் எட்டு இரவு விளக்கேற்றிக் கொண்டாடும் ஹனுக்காவை 'யூதர்களின் கிறிஸ்துமஸ்' என்று எழுதியிருக்கிறீர்கள். அமெரிக்காவில் வளரும் யூதக் குழந்தைகளைக் குழப்புவதே இந்த ஒப்பீடுதான். பக்கத்து வீட்டுக் கிறிஸ்துமஸ் மரத்தோடு போட்டி போட்டுப் பரிசுகளைக் குவித்தால், எட்டு நாளும் பரிசுக் கணக்கிலேயே போய்விடும். அதைவிட, விளக்கைக் குழந்தையின் கையில் கொடுங்கள். மொத்தம் 44 மெழுகுவத்தி வேண்டும்: முதல் இரவு ஒன்று, அடுத்த இரவு இரண்டு என்று ஏறி எட்டு இரவுக்கு 36, மற்றவற்றை ஏற்றும் 'ஷமாஷ்' என்ற துணை வத்திக்கு இரவுக்கு ஒன்றாக 8. விளக்குத் தண்டில் வலக்கோடியிலிருந்து நட வேண்டும். ஏற்றுவதோ இடப்பக்கம் கடைசியாக வைத்த புதியதிலிருந்து. வெள்ளிக்கிழமைதான் பலருக்குத் தவறும். அன்று மாலை தொடங்கும் யூத ஓய்வுநாளுக்கான விளக்குக்கு முன்பே ஹனுக்கா விளக்கை ஏற்றி, இருட்டிய பிறகும் அரை மணி நேரம் எரிய வேண்டும். சின்ன வத்தி அதற்குள் தீர்ந்துவிடும். நீளமானதையோ ஆலிவ் எண்ணெயையோ வையுங்கள். பள்ளியில் கற்ற கிறிஸ்துமஸ் பாட்டை வீட்டில் பாடினால் அதட்டாதீர்கள். "அது அவர்கள் பண்டிகை, நல்லா இருக்கு, நம்முடையது இது" என்றால் போதும்.