புதுத் தொகுதி வரட்டும், கரையைக் கூறு போடாதீர்கள்

தொகுதி மறுவரையறை என்றாலே தமிழ்நாட்டின் 39 எம்.பி. தொகுதிகள் கூடுமா குறையுமா என்றுதான் எல்லோரும் பேசுகிறார்கள். அது டெல்லியோடு போட வேண்டிய சண்டை, போடத்தான் வேண்டும், 1967-ல் நமக்கு 41 போய் 39 ஆனது சும்மா இல்லை. ஆனால் எண்ணிக்கை என்னவானாலும் மாநிலத்துக்குள் கோடு எங்கே விழுகிறது என்பதில்தான் எங்கள் ராமநாதபுரம் கரையின் பாடு இருக்கிறது. அதைப் பேச ஆளே காணோம்.

2008-ல் புதுக்கோட்டை என்ற எம்.பி. தொகுதியையே எடுத்துவிட்டார்கள். அந்த மாவட்டத்தின் ஆறு சட்டமன்றத் தொகுதிகளும் திருச்சி, கரூர், சிவகங்கை, ராமநாதபுரம் என்று நாலு பக்கம் பிய்ந்து போயின. நம் ராமநாதபுரம் எம்.பி. தொகுதிக்கு அறந்தாங்கி வந்தது. சிவகங்கையோடு இருந்த திருவாடானையும், விருதுநகர் மாவட்டத்துத் திருச்சுழியும் சேர்ந்தன. கடலாடி சட்டமன்றத் தொகுதியோ இருந்த இடம் தெரியாமல் போய், இன்றைக்குக் கமுதி மிளகாய் விவசாயியும் சாயல்குடிப் பக்கத்து மீனவரும் முதுகுளத்தூர் எம்.எல்.ஏ. வாசலில்தான் நிற்க வேண்டும்.

இவ்வளவு குளறுபடியிலும் ஒரு நல்லது நடந்தது. அறந்தாங்கி தொகுதியின் ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம், இந்தப் பக்கம் தொண்டி, பாம்பன், ராமேஸ்வரம் எல்லாம் ஒரே எம்.பி.க்குக் கீழே வந்தன. இலங்கைக் கடற்படை படகைப் பிடித்தால் ஜெகதாப்பட்டினத்துக்காரர்கள் புதுக்கோட்டை கலெக்டரிடம் ஓடுவார்கள், ராமேஸ்வரத்துக்காரர்கள் ராமநாதபுரம் கலெக்டரிடம் ஓடுவார்கள், ஆனால் நாடாளுமன்றத்தில் எழுந்து கேட்க வேண்டியவர் ஒருவர்தான். "அது என் தொகுதி இல்லை" என்று அவர் நழுவ முடியாது. (எழுந்து கேட்டாரா என்பது வேறு கதை.)

புதுக்கோட்டைக்காரர்கள் தங்கள் தொகுதியைத் திரும்பக் கேட்பது நூற்றுக்கு நூறு நியாயம். ஆனால் அது வந்தால் அறந்தாங்கி அப்படியே அங்கே போய்விடும். எம்.பி. தொகுதி என்பது முழுச் சட்டமன்றத் தொகுதிகளைச் சேர்த்துக் கட்டுவது, அதிலிருக்கும் மணமேல்குடிக் கரையை மட்டும் நறுக்கி நாம் வைத்துக்கொள்ள முடியாது. அதனால் சட்டமன்றக் கோட்டிலேயே கை வைக்கச் சொல்ல வேண்டும்: மணமேல்குடியிலிருந்து தொண்டி வரை கரையோரமாக ஒரு தொகுதி, அது ராமநாதபுரம் எம்.பி.யோடு இருக்கட்டும்.

நீளமாக வால் போல இருக்கிறதே, தொகுதி கச்சிதமாக இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறதே என்பார்கள். சரி, அதே சட்டம் போக்குவரத்து வசதியையும் மக்கள் வசதியையும் பார்க்கச் சொல்கிறதே. கரை நெடுக ஈ.சி.ஆர். (கிழக்குக் கடற்கரைச் சாலை) ஓடுகிறது. தொண்டியிலிருந்து திருச்சுழிக்கு எத்தனை பஸ் மாற வேண்டும் என்று 2008-ல் கோடு போட்டவர்கள் ஏறிப் பார்த்தார்களா?

வரைவு வெளியானதும் ஆட்சேபம் கேட்பார்கள், கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்துவார்கள். இறுதி ஆணை வந்த பிறகு கோர்ட்டுக்குப் போய்ப் பெரிதாக ஒன்றும் ஆகாது. மீனவர் சங்கம், ஜமாத், சர்ச் பங்கு, ஊர்க்கமிட்டி எல்லோரும் இப்போதே உட்கார்ந்து ஒரு வரைபடம் போட்டு வையுங்கள். அப்புறம் முக்கியமாக, அந்தக் கூட்டத்தைத் திங்கள், புதன், சனியில் வைக்க வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள். அன்றைக்கு விசைப்படகெல்லாம் மீன்வளத்துறையிடம் அனுமதி டோக்கன் வாங்கிக்கொண்டு கடலுக்குப் போயிருக்கும், கூட்டத்தில் உட்கார்ந்திருப்பது கட்சிக்காரர்கள் மட்டும்தான்.