தனபாலவின் 1995

இலங்கை இராஜதந்திரி ஜயந்த தனபால பற்றி வெளிவந்த கட்டுரை நன்று. எங்கெங்கே தூதுவராக இருந்தார் என்ற பட்டியல் சரி, ஆனால் 1995ஐ ஒரே வரியில் தாண்டிப் போனது அநியாயம். அணுவாயுதப் பரவல் தடை ஒப்பந்தம் 1970இல் 25 வருடத் தவணையோடுதான் நடைமுறைக்கு வந்தது. அதை நீடிப்பதா என்று தீர்மானிக்க நியூயோர்க்கில் கூடிய மாநாட்டுக்கு இவர்தான் தலைவர். காலவரையறையின்றி நீடிக்கப் பெரும்பான்மை இருந்தது. வாக்கெடுப்புக்கு விட்டால் தோற்ற பக்கம் முகத்தைத் தூக்கிக்கொண்டு போயிருக்கும். ஆயுதக் குறைப்புக் கோட்பாடுகள், இறுக்கமான மீளாய்வு, நீடிப்பு மூன்றையும் ஒரே பொதியாகக் கட்டி, மே 11ஆம் திகதி வாக்கெடுப்பே இல்லாமல் நிறைவேற்றினார்கள். 80களில் ஜெனீவாவில் ஐ.நா.வுக்கான இலங்கைத் தூதுவராக இருந்தபோதே இந்த விஷயத்தில் ஊறியவர் என்பதால்தான் அது முடிந்தது.

போட்டிப் பரீட்சை எழுதி வெளிநாட்டுச் சேவைக்குள் வந்தவர் அவர். இப்போதோ கொழும்பில் ஆட்சி மாறினால் போதும், கட்சிக்காரருக்கும் ஓய்வுபெற்ற தளபதிக்கும் தூதுவர் பதவி. பிறகு ஜெனீவாவில் நம் குரல் எடுபடவில்லை என்று புலம்பி என்ன பயன்?

அப்புறம், 2006இல் ஐ.நா. செயலாளர் நாயகம் பதவிக்குப் போட்டியிட்டு இடையில் விலகினாரே, அதையும் சேர்த்திருக்கலாம்.