விரல் நுனியில் குத்தினால் பக்கவாதம் தீராது

‘பக்கவாதம் வந்தவரின் பத்து விரல் நுனிகளிலும் ஊசியால் குத்தி இரத்தம் வரவழையுங்கள், அதுவரை ஆளை அசைக்காதீர்கள்’ என்ற செய்தி சேலம், ஏற்காடு வாட்ஸ்அப் குழுக்களில் மறுபடியும் சுற்றுகிறது.

தவறு. அடைப்போ கசிவோ இருப்பது மூளையின் இரத்தக் குழாயில். விரலில் சிந்தும் நாலு சொட்டு அதை என்ன செய்யும்? ‘அசைக்காதீர்கள்’ என்பதுதான் இதில் ஆளைக் கொல்லும் வரி. அடைப்பைக் கரைக்கும் மருந்து 3 மணி நேரத்துக்குள் செலுத்தினால் பலன் தருவதை 1995-இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. 2008-இல் ஓர் ஐரோப்பிய ஆய்வு அந்த அவகாசத்தை நாலரை மணி நேரமாக நீட்டியது. கசிவு என்றால் அதே மருந்து ஆபத்து. எனவே முதலில் சி.டி. ஸ்கேன்.

ஏற்காட்டுக்காரர்களுக்கோ 20 கொண்டை ஊசி வளைவுகளை இறங்குவதிலேயே நேரம் கரைகிறது. இதில் விரல் விரலாகக் குத்திக்கொண்டிருக்க முடியுமா? வாய் கோணினால், கை தளர்ந்தால், பேச்சு குழறினால் உடனே 108. அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.