மினியாபொலிஸில் மேட்டூர் திறப்பு

(மினியாபொலிஸ் புறநகர். மே மாதம், ஒரு சனிக்கிழமைக் காலை. மன்னார்குடிப் பக்கத்து விவசாயியான மாமனார் இரண்டு ஸ்வெட்டர், ஒரு மஃப்ளரில் நின்று மஞ்சள் பூ பறிக்கிறார். மாப்பிள்ளை கையில் ஸ்க்ரூ டிரைவர்.)

மாமா: ஸ்பிரிங்க்ளர் திறக்க ஒரு மாதமாக நாள் பார்க்கிறீர்களே மாப்பிள்ளை, இதற்குப் பஞ்சாங்கம் ஏதாவது உண்டா?

மாப்பிள்ளை: பஞ்சாங்கம் மண்ணுக்குள் இருக்கிறது மாமா. குளிர்காலத்தில் அடிக்கணக்கில் உறைந்துவிடும். அக்டோபரிலேயே கம்ப்ரஸர் வைத்துக் குழாய்த் தண்ணீரை ஊதித் தள்ளிவிட்டோம். ஏப்ரலில் திறந்து, ஒரு ராத்திரி உறைபனி விழுந்தால் வெளியே நிற்கும் குழாய் வெடித்துவிடும்.

மாமா: எங்களுக்கு ஜூன் 12. அன்று மேட்டூர் திறக்க வேண்டும். திறக்காத வருஷமும் உண்டு, அதை விடுங்கள். எத்தனை மா பாசனம்?

மாப்பிள்ளை: அரை மாகூட வராது. ஐந்து ஜோன். எல்லாவற்றையும் ஒன்றாகத் திறந்தால் அழுத்தம் போதாது. ஒன்று முடிந்துதான் அடுத்தது.

மாமா: முறைப்பாசனம்! அதற்கு எதற்கு இங்கிலீஷில் பேர்? சரி, என்ன சாகுபடி?

மாப்பிள்ளை: புல்.

மாமா: மாடு எங்கே?

மாப்பிள்ளை: மாடு இல்லை மாமா. வாரம் ஒரு அங்குலம் தண்ணீர் கொடுத்து வளர்ப்போம். வளர்ந்ததும் வெட்டிவிடுவோம்.

மாமா: (நீண்ட யோசனைக்குப் பிறகு) சரி. அந்தப் பித்தளைச் சாமான் என்ன?

மாப்பிள்ளை: பேக்ஃப்ளோ வால்வு. தோட்டத்துத் தண்ணீர் திரும்பிப் போய்க் குடிதண்ணீரில் கலக்காமல் தடுக்கும். குளிர்காலம் முழுக்க இரண்டு கைப்பிடியையும் சாய்வாக, பாதி திறப்பில் வைத்திருந்தேன். மூடிவிட்டால் உள்ளே சிக்கிய தண்ணீர் உறைந்து வால்வைப் பிளந்துவிடும். நீங்கள் பேஸ்மென்டுக்குப் போய் மெயினைத் திறங்கள். மெதுவாக...

மாமா: காய்ந்த வாய்க்காலில் ஒரேயடியாகத் தண்ணீர் விட்டால் கரை உடைக்கும் என்று எனக்கா சொல்கிறீர்கள்?

(பேஸ்மென்டிலிருந்து போன் வருகிறது.)

மாமா: கொஞ்சம் திறந்தேன். கர்ர்ர் என்று இருமுகிறது.

மாப்பிள்ளை: அது குழாயில் இருக்கும் காற்று. வெளியேறட்டும், அப்படியே நில்லுங்கள்... இன்னும் கொஞ்சம்... ஐயோ! மூடுங்கள், மூடுங்கள்! முகத்தில் பீச்சுகிறது!

மாமா: மடை உடைப்பா?

மாப்பிள்ளை: வால்வுப் பக்கவாட்டில் இரண்டு சின்னத் திருகு உண்டு. அவற்றை மூட மறந்துவிட்டேன்.

மாமா: கையில் ஸ்க்ரூ டிரைவர் வைத்திருந்தீர்களே, அது எதற்கு?

மாப்பிள்ளை: அதற்குத்தான்.

(இரண்டாவது முயற்சி. ஒன்று முதல் நான்கு வரை ஜோன்கள் குறையின்றிப் பாய்கின்றன. ஐந்தாவதில் ஒரு மூலையில் மட்டும் குளம். தண்ணீர் தெளிக்கும் மற்ற ஸ்பிரிங்க்ளர் தலைகள் மண்ணைவிட்டு எழவே இல்லை.)

மாமா: கடைமடைக்குத் தண்ணீர் ஏறவில்லை. நடுவில் எவனோ கரையை வெட்டியிருக்கிறான். இது மேல்மடைக்காரன் வேலை. பக்கத்து வீட்டில் யார்?

மாப்பிள்ளை: அவர் பாவம் மாமா. இங்கே பாருங்கள், தலை ஒன்று முறிந்து கிடக்கிறது. தண்ணீரெல்லாம் இதன் வழியே போய்விடுகிறது. ஜனவரியில் பனி வாரியபோது மண்வெட்டி பட்டிருக்கும்.

மாமா: பனி வாரியது யார்?

மாப்பிள்ளை: ...கடையில் புதுத் தலை பத்து டாலருக்குள் கிடைக்கும் மாமா.

(ஒரு மணி நேரம் கழித்து. பழைய தலையைக் கழற்றி, ஒரு நிமிஷம் தண்ணீர் விட்டு மண்ணை வெளியேற்றி, புதுசை முடுக்குகிறார்கள். ஐந்து தலையும் டக் டக்கென்று எழுந்து நிற்கின்றன.)

மாமா: வந்துவிட்டது! கடைமடைக்கு வந்துவிட்டது! இருங்கள், பூ தூவாமல் தண்ணீர் திறந்த பாவம் நமக்கு வேண்டாம்.

மாப்பிள்ளை: அடடா, அதற்கா காலையிலிருந்து டேன்டிலியன் பறித்தீர்கள்? களை பிடுங்கி உதவுகிறீர்கள் என்றல்லவா நினைத்தேன்! சரி, பூதானே, விதை இல்லையே. தூவுங்கள்.

மாமா: தூவிவிட்டேன். மஞ்சள் பூ போதவில்லை. ஓரத்தில் வெள்ளையாகப் பஞ்சு உருண்டை மாதிரி நின்றதே, அதையும் ஒரு பத்து, இருபது பறித்து ஊதிவிட்டேன். என்ன அழகாகப் பறந்தது தெரியுமா! பாதி பக்கத்து வீட்டுப் புல்லில்கூடப் போய் இறங்கியது... ஏன் மாப்பிள்ளை உட்கார்ந்துவிட்டீர்கள்?