பிளெண்டரில் வரிசை முக்கியம்

தம்பி, பிளெண்டர் என்ற முப்பரிமாண அசைபட மென்பொருளைக் கட்டளை வரியில், அதாவது கட்டளையைத் தட்டச்சு செய்து, தொடங்கும்போது மைனஸ் ஏ (-a) போன்ற தெரிவுகளை எந்த வரிசையில் எழுதினாலும் ஒன்றுதான் என்று சொல்லியிருக்கிறீர்கள். அது பிழை. பிளெண்டர் அவற்றை எழுதிய வரிசையிலேயே ஒவ்வொன்றாக நிறைவேற்றிக்கொண்டு போகும். மைனஸ் ஏ என்றால் ‘இப்போதே முழுவதையும் ரெண்டர் செய்’, அதாவது காட்சிகளையெல்லாம் படங்களாக ஆக்கு, என்று பொருள். அதற்குப் பின்னால் மைனஸ் ஓ (-o) போட்டு வெளியீட்டு இடத்தைச் சொல்வது, பந்தி முடிந்த பிறகு இலை போடுவது போன்றது. மைனஸ் ஓவைப் பிளெண்டர் கோப்பின் பெயருக்கு முன்னால் போட்டாலும் பயனில்லை. கோப்பு திறந்ததும் அதில் சேமித்திருக்கும் இடம் உங்களுடையதை அழித்துவிடும்.

போன வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல் வீடியோவைக் கிளிநொச்சியில் இரவிரவாக ஓடவிட்டேன். விடியப் பார்த்தால் வெளி ஹார்ட் டிஸ்க் வெறுமையாக இருந்தது. அத்தனையும் ஏதோவொரு பழைய கலியாண வீட்டு ஃபோல்டருக்குள் கிடந்தன. மைனஸ் ஏயை முந்தவிட்டது என் பிழைதான்.

முதலில் மைனஸ் பி (-b, சாளரம் திறக்காமல் பின்னணியில் ஓடவிடுவது), அடுத்துக் கோப்பின் பெயர், பிறகு மைனஸ் ஓவும் இடமும், கடைசியில் மைனஸ் ஏ. மூன்றும் சிறிய எழுத்துகள். இதையும் கவனியுங்கள்: சிறிய எஃப் நீங்கள் குறிப்பிடும் ஃப்ரேமை மட்டும் ரெண்டர் செய்யும், பெரிய எஃப் கோப்பு வடிவத்தைக் குறிக்கும்.